கால் கிலோ உப்பு பிஸ்கட்

அந்த மாலின் வாசலில் நிற்கும் காவலாளி எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பார். தராசு சாரின் பையை மட்டும் திறப்பதில்லை. "கல்லு உள்ளதானே சார்?" என்று கேட்பார். "உள்ளதான் இருக்கு" என்று இவர் தோள்பையைத் தட்டிக் காட்டுவார். அத்தோடு சோதனை முடிந்துவிடும்.

முதல் நாள் இவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. பைக்குள் ஏதோ கனமாகத் தட்டுப்பட, "என்ன சார் இது?" என்று காவலாளி கேட்டார். இவர் உள்ளதைச் சொன்னார்.

"கல்."

"மாலுக்குள்ள கல்லு எதுக்கு சார்? யார் மேல எறியப் போறீங்க?"

"எறியறதுக்கு இல்லப்பா. நிறுக்கறதுக்கு."

பிறகு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து இருநூறு கிராம் பித்தளை எடைக்கல்லை வெளியே எடுத்தார். அதன் அடியில் ஈயம் ஊற்றி அடித்திருந்த அரசாங்க முத்திரையைக் காட்டினார். அந்த முத்திரை எந்த வருடம் அடித்தது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் விளக்கினார். பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அன்றிலிருந்து காவலாளி அந்தப் பையைத் தொட்டதே இல்லை.

இவருடைய சொந்தப் பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பதும் இல்லாவிட்டால் பறிமுதல் செய்வதும்தான் உத்தியோகம். அந்தக் காலம் முழுக்க ஒரு கடையிலும் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. அவர் தெருமுனையில் திரும்பினாலே நாலு கடைக்காரர்கள் எடைக்கல்லை ஒளித்து வைக்க ஓடுவார்கள். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஆனால் ஓய்வு என்பது அரசாங்கத்தின் அபிப்பிராயம். இவருக்கு அதில் உடன்பாடு இல்லை. உத்தியோகத்தின் நினைவாகக் கொடுத்த அந்தப் பித்தளைக் கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல், பையில் போட்டுக்கொண்டு மாலுக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டிலிருந்து மால் எட்டு நிமிட நடை. பெரிய மால் என்று பெருமை பேச முடியாது. மூன்று தளம், ஒரே ஒரு நகரும் படிக்கட்டு, அதுவும் மேலே மட்டும்தான் போகும். இறங்குவது நம் பொறுப்பு. கீழ்த்தளத்தில் மாலின் முதலாளியே நடத்தும் சூப்பர் மார்க்கெட், பக்கத்தில் மருந்துக்கடை. நடுத்தளத்தில் செல்போன் ரிப்பேர், ஜிப் மாற்றுகிறவர், மூக்குக்கண்ணாடிக் கடை, சாவிக்காரர். மேல்தளத்தில் சூப்பு, நூடுல்ஸ், சாண்ட்விச் என்று வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகளும், எந்த நேரம் போனாலும் ஏதாவது ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும் விளையாட்டு மூலையும்.

ஒரே நடையில் முடித்துவிடக்கூடிய வேலைகளை அவர் வாரம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். திங்கட்கிழமை பாலும் ரொட்டியும். செவ்வாய் காய்கறி. புதன்கிழமை ரத்த அழுத்த மாத்திரை, அதுவும் ஒரு வாரத்துக்கு மட்டும். மொத்தமாக வாங்கிவிட்டால் அடுத்த புதன் என்ன செய்வதாம்? வியாழக்கிழமை மேல்தளத்தில் கால் கிலோ உப்பு பிஸ்கட். புதன்கிழமை வாங்குவதற்கும் வியாழக்கிழமை வாங்குவதற்கும் உள்ள பகையை அவர் மருத்துவரிடம் சொல்லவில்லை. வெள்ளி, சனியில் பல்பு, பேட்டரி, செருப்பு வார் என்று ஏதாவது கெட்டுப்போய் அவருக்குக் கை கொடுக்கும். எதுவுமே கெடாத வாரத்தில், நன்றாக இருக்கிற சாவிக்கு இன்னொரு சாவி செய்துகொண்டு வருவார். அவர்கள் வீட்டில் ஒரே கதவுக்கு ஒன்பது சாவி இருந்தது.

போகிற இடத்திலெல்லாம் உத்தியோகம் கூடவே வரும். காய்கறிப் பகுதியில் நாலு தராசு, அதில் இரண்டுக்கு இந்த வருட முத்திரை இல்லை. அதை ஒரு மாதமாக வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே நிறுத்துப் போடும் பெண், இவர் தலையைக் கண்டதும் தராசைத் துடைத்துச் சமமாக நகர்த்தி வைத்துவிட்டு, பரீட்சை எழுத உட்கார்ந்தவள் மாதிரி நிற்பாள்.

இதனாலேயே வீட்டம்மா இவரோடு மாலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் மாதம் ஒருமுறையாவது கூடப் போய் ஒரு சூப்பு குடிப்பது உண்டு. இருநூறு மில்லி என்று எழுதியிருந்த சூப்பை, வீட்டிலிருந்து எடுத்துப்போன அளவுக் குவளையில் இவர் ஊற்றிப் பார்த்து, நூற்றுத் தொண்ணூறுதான் என்று நாலு மேசைக்குக் கேட்கும்படி நிரூபித்தார். "சூப்பும் ஆறிப்போச்சு, என் மானமும் போச்சு" என்று எழுந்தவர்தான், பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டம்மா தையல் வேலை செய்கிறவர். கூடத்து ஜன்னலோரம் மெஷின். பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, நீளம் குறைக்க வேண்டிய கால்சட்டை எல்லாம் அக்கம்பக்கத்திலிருந்து வரும். அளவு நாடா கழுத்தில் தொங்குமே தவிர, கண்தான் அளவு. எதைத் தைத்தாலும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பார், நாளைக்கு ஆள் பருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று. அந்த இரண்டு விரல் எதற்கு என்பது முப்பத்துநாலு வருடமாகத் தராசு சாருக்குப் புரியவில்லை. அளவு என்றால் அளவு, அதில் உள்ளே என்ன, வெளியே என்ன என்பது அவர் கட்சி.

அவர் மனதார மதித்த கடை அந்த மாலில் ஒன்றே ஒன்றுதான். நகரும் படிக்கட்டு மேலே வந்து முடிகிற இடத்தில், நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பின்னால் பிஸ்கட் அக்கா. மேல்தளத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஆறு வருடம் தட்டு கழுவிய பெண்மணி. மூன்று வருடத்துக்கு முன்னால்தான் கெஞ்சிக் கூத்தாடி அந்த மூலையைப் பிடித்தார். விடியற்காலையில் வீட்டில் சுட்டு, காலையில் தகர டப்பாக்களோடு வந்து இறங்குவார். வட்டமான உப்பு பிஸ்கட், எஃகு அச்சில் வெட்டியது. முதல் வியாழக்கிழமையே தராசு சார் பத்து பிஸ்கட்டை ஒவ்வொன்றாக நிறுக்கச் சொல்லிப் பார்த்தார். பத்தும் பத்துப் பத்து கிராம். "முப்பத்தொரு வருஷத்துல இப்படி ஒரு கையை நான் பாத்ததில்லம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பிஸ்கட் அக்கா அதை மூன்று வருடமாக வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தராசு சாரே சொல்லிவிட்டார் என்றால் பிறகு யார் பேசுவது?

கால் கிலோ என்றால் இருபத்தைந்து பிஸ்கட். ஆனால் தராசு சார் எண்ண மாட்டார். எண்ணுவது வேறு இலாகா, இவருடையது நிறுப்பது. செவ்வாய்க்கிழமையே டப்பா காலியானால், வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது போலிருக்கிறது என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு புதன்கிழமையைத் தள்ளுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், வெளியூரில் இருக்கும் மகள் அப்பாவின் பிறந்தநாளுக்கு ஆசையாக ஒரு பரிசு அனுப்பினாள். சமையலறை மேசையில் வைக்கிற சின்ன மின்னணுத் தராசு. அதுதான் வினை.

அவர் முதலில் பித்தளைக் கல்லை அதில் வைத்துப் பார்த்தார். அச்சாக இருநூறு. பரிசு தேறிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை பிஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் குளியலறைக்குப் போய்க் கைகால் கழுவி முகம் துடைத்து வந்து, பொட்டலத்தைத் தராசில் வைத்தார். இருநூற்றுப் பத்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இருநூற்றுப் பத்துதான்.

"கால் கிலோல நாப்பது கிராம் குறையுது" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார்.

மெஷின் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. "ஈரம் காஞ்சா எடை குறையத்தானே செய்யும்" என்றார் வீட்டம்மா, தலையைத் தூக்காமல்.

"எட்டு நிமிஷத்துலயா?"

"வெயில்ல நடந்து வர்றீங்கல்ல."

அடுத்த வியாழன் முப்பது கிராம் குறைந்தது. அதற்கடுத்த வியாழன் இருபது. தராசு சாருக்கு உள்ளே இருந்த ஆய்வாளர் முழுசாக விழித்துக்கொண்டார். கடையில் நிறுக்கும்போது கண்ணெதிரே இருநூற்றைம்பது காட்டுகிறது, வீட்டுக்கு வந்தால் இல்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சர்வீஸில் இரண்டு முறை பிடித்திருக்கிறார்: மேசைக்கு அடியில் ஒளித்து வைத்த ஒரு பொத்தான், காலால் அழுத்தினால் தராசு ஏற்றிக் காட்டும். வாரா வாரம் பத்து பத்தாகக் குறைந்து வருவதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ஆளுக்குப் பயம் வந்துவிட்டது, மெதுவாகப் பின்வாங்குகிறாள்.

மூன்றாவது வியாழன் சாயங்காலமே மறுபடி மாலுக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தார்.

"என்ன சார் தேடறீங்க?" என்றார் பிஸ்கட் அக்கா.

"ஒண்ணுமில்லம்மா. பேனா விழுந்துடுச்சு."

பேனா சட்டைப் பையில் இருந்தது. பிஸ்கட் அக்கா அதைப் பார்த்தார்.

அங்கிருந்து நேராக மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனார். இதுவரை இவரைக் கண்டாலே போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிடும் மேனேஜர், விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எழுத்து மூலமா குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும் சார்" என்றார். எழுத்து மூலம் என்ற சொல்லைக் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. தராசு சார் உருகிப்போய், தேதிவாரியாகக் கட்டம் போட்டு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. வழக்கு முடிகிறவரை வீட்டில் பேசக்கூடாது என்பது சர்வீஸ் காலத்துப் பழக்கம்.

சனிக்கிழமை பத்தாவது சாவி செய்துகொள்ள நடுத்தளத்துக்குப் போனார். சாவிக்காரர் இவரைவிட நாலு வயது சின்னவர். வாய் பேசினாலும் கை நிற்காது.

"கேள்விப்பட்டீங்களா சார்? பிஸ்கட் அக்காவுக்கு நோட்டீஸ் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள கடையைக் காலி பண்ணணுமாம். எடை குறையுதுன்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கான். அந்த மூலைக்கு ஒரு காப்பிக் கம்பெனி மூணு மாசமா அலையுது, இவங்களை என்ன சொல்லிக் கிளப்பறதுன்னு மேனேஜர் காத்துக்கிட்டே இருந்தாரு. கும்பிடப்போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி இந்தக் கடுதாசி கெடைச்சுது. அவ்வளவுதான், அக்கா மறுபடி தட்டு கழுவப் போக வேண்டியதுதான்."

"நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார் தராசு சார்.

சாவிக்காரர் மெஷினை நிறுத்தினார். அவர் மெஷினை நிறுத்தி அந்தத் தளத்தில் யாரும் பார்த்ததில்லை. "என்ன சார் சொல்றீங்க?"

இவர் நாற்பது, முப்பது, இருபது என்று கணக்கைச் சொன்னார். சாவிக்காரர் சாவித்தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒரு பிஸ்கட் எத்தனை கிராம் சார்?"

"பத்து."

"அப்போ நாலு பிஸ்கட், மூணு பிஸ்கட், ரெண்டு பிஸ்கட். தராசு திருடினா இப்படி முழுசு முழுசாவா திருடும்? ஏழு, பதிமூணுன்னு உதிரியா வராது? இது தராசு இல்ல சார், கை. நான் பூட்டுக்காரன். பூட்டு உடையாம சாமான் போயிருந்தா, சாவி யார் யார்கிட்ட இருக்குன்னுதான் முதல்ல கேப்பேன்."

தராசு சார் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருடமாகக் குற்றவாளி எப்போதும் கடைக்குள்தான் இருந்தான். வாங்குகிறவன் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. எட்டு நிமிட நடையில் கூட யாரும் வரவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் அந்த நேரம் குளியலறையில் இருந்தார்.

மேல்தளத்துக்குப் போனார். கண்ணாடிப் பெட்டியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது, பக்கத்தில் அவருடைய ஒன்றரைப் பக்கமும், கட்டத்தோடு, கையெழுத்தோடு.

"கால் கிலோ" என்றார்.

பிஸ்கட் அக்கா நிறுத்தார். இருநூற்றைம்பது. தராசை இவர் பக்கம் தள்ளி வைத்தார். "உங்க கல்லை வெச்சு நீங்களே பாத்துக்குங்க சார்."

கல் பையிலேயே இருந்தது. எடுக்க அவருக்குக் கை வரவில்லை.

"மூணு வருஷமா வர்றீங்க. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே சார்" என்றார் பிஸ்கட் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைச் சமையலறை மேசையில் வைத்தார். குளியலறைக்குப் போனார், குழாயைத் திறந்தார், கழுவவில்லை. சத்தம் மட்டும் ஓடட்டும் என்று விட்டுவிட்டுச் செருப்பில்லாத காலோடு பூனைபோல் திரும்பி வந்தார். திடீர் சோதனை நடத்தி மூன்று வருடம் ஆகியிருந்தும் கால் மறக்கவில்லை.

வீட்டம்மா மேசையருகே நின்றிருந்தார். பொட்டலத்தின் ரப்பர் பேண்ட் அவர் மணிக்கட்டில் இருந்தது. வாயில் ஒரு பிஸ்கட், கையில் ஒரு பிஸ்கட்.

"எதையும் தொடாதீங்க. எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார் தராசு சார். பழக்கதோஷத்தில் மரியாதை வேறு வந்துவிட்டது.

வீட்டம்மா அவசரப்படாமல் மென்று விழுங்கினார். "குழாயை மூடிட்டு வாங்க. தண்ணி வீணாப் போகுது" என்றார்.

மூடிவிட்டு வந்தார். அதற்குள் கையில் இருந்ததும் போயிருந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"அந்தக் கடை வந்ததுல இருந்து. வாரம் நாலு. உங்க பொண்ணு இந்தத் தராசை அனுப்பினதுக்கு அப்புறம்தான் மூணாக் குறைச்சேன், ரெண்டாக் குறைச்சேன். அதுக்குமேல முடியல."

"உனக்குத்தான் பிஸ்கட்டே பிடிக்காதே."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன. கல்யாணமான புதுசுல. நான் தட்டை நீட்டினேன், வேண்டாம்னு சொன்ன. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எனக்கும் ஞாபகம் இருக்கு. உங்க அம்மா, உங்க அக்கா, சித்தி, அத்தை எல்லாரும் சுத்தி உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்தாங்க. தட்டுல மொத்தம் நாலு பிஸ்கட். வீட்டுக்கு வந்து மூணு நாள் ஆன புதுப் பொண்ணு வேண்டாம்னு சொல்லாம வேற என்னத்தைச் சொல்லுவா?"

வீட்டம்மா மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். கடைத் தராசுக்கு எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை புதுப்பிக்கணும்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை" என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய பதில் வந்தது.

"புதுப்பிக்கலைன்னா?"

"பழைய முத்திரை செல்லாது."

"நான் வேண்டாம்னு சொல்லி முப்பத்துநாலு வருஷம் ஆகுது. ஒரு தடவையாவது மறுபடி கேட்டீங்களா?"

ஊரில் உள்ள கடைகளில் எல்லாம் கேட்ட கேள்வியை வீட்டில் கேட்காமல் விட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருடம் இந்த மேசையில் உட்கார்ந்து இவள் எதிரிலேயே ஒவ்வொன்றாகத் தின்றிருக்கிறோமே என்பது உறுத்தியது.

"எனக்கும் சேத்து வாங்கிட்டு வாங்கன்னு நீயாவது சொல்லியிருக்கலாம்" என்றார் கடைசியில்.

"சொல்லியிருக்கலாம். சொல்லி வாங்கினா அது நான் சொன்னதுக்கு வாங்கினது. எனக்குன்னு வாங்கினது ஆகாது." சொல்லிவிட்டு வீட்டம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏன் இப்படி வெளுத்துப் போய் நிக்கறீங்க? நாலு பிஸ்கட்டுக்கா?"

அப்போதுதான் அவர் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். மேனேஜர், காப்பிக் கம்பெனி, திங்கட்கிழமை பத்து மணி எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க வீட்டம்மாவின் முகம் மாறியது.

"பாவம், அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு உங்களுக்கு? அதுகிட்டயும் கேக்கல, என்கிட்டயும் கேக்கல. ஒன்றரைப் பக்கம் எழுத மட்டும் தெரிஞ்சுதா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் புகாரைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதினார். சர்வீஸில் ஒரு வழக்கைக்கூட வாபஸ் வாங்காதவர். எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. 'எடைக்குறைவானது, பொருள் கடையை விட்டு வெளியேறிய பின்னர், எனது இல்லத்தில், எனது குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரால்' என்று எழுதி முடித்தபோது, வீட்டம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஒருவரால் என்ன ஒருவரால்? வீட்டுல என்ன பத்துப் பேரா இருக்கோம்? மனைவியால்னு போடுங்க. நாளைக்கு நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"சாட்சி வேண்டாமா?"

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு இரண்டு பேரும் மால் வாசலில் நின்றார்கள். காவலாளி வீட்டம்மாவைப் பார்த்துவிட்டு, "கல்லு உள்ளதானே சார்?" என்று சன்னமாகக் கேட்டார். மேல்தளத்தில் பிஸ்கட் அக்கா தகர டப்பாக்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பாதிக் கடை காலியாகியிருந்தது. சாவிக்காரர் கடையைத் திறக்காமல் பெட்டி கட்ட ஒத்தாசைக்கு வந்திருந்தார்.

மேனேஜர் கடிதத்தைப் படித்தார். அவருக்கு ரசிக்கவில்லை. "சார், இது ஆபீஸ் நடைமுறை. ஒரு தடவை ஆக்ஷன் எடுத்தாச்சுன்னா திரும்ப எடுக்கறது கஷ்டம்."

"தம்பி, திருடினது நான்" என்றார் வீட்டம்மா. "ஆக்ஷன் எடுக்கறதா இருந்தா என்மேல எடுங்க. என்னை மாலுக்குள்ள விடக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டுங்க. போட்டோ வேணும்னாலும் தரேன்."

மேனேஜர் திணறிப்போய்த் தராசு சாரைப் பார்த்தார். தராசு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தொரு வருடத்து நிதானம் குரலில் திரும்பி வந்திருந்தது.

"அந்தத் தராசுல குறை இல்லைன்னு நான் எழுத்து மூலமா குடுத்திருக்கேன். இன்னொரு விஷயமும் எழுத்து மூலமா குடுக்க வேண்டியிருக்கு. கீழ்த்தளத்துல காய்கறித் தராசு நாலு இருக்கு, ரெண்டுக்கு இந்த வருஷ முத்திரை இல்ல. ஒரு மாசமா வாயால சொல்லிப் பாத்துட்டேன். இன்னைக்கு சாயங்காலம் எங்க பழைய ஆபீசுக்கு எழுதத்தான் போறேன், அதுல மாத்தம் இல்ல. குறை இருக்கிற தராசு கீழ ஓடுது, குறை இல்லாத தராசை மேல காலி பண்ணச் சொல்றாங்கங்கறதையும் அதுலயே சேத்து எழுதவா, வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு எழுந்து போய் நோட்டீஸைக் கிழித்தார். ஒன்றரைப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கிழித்தார்.

அட்டைப் பெட்டியிலிருந்து டப்பாக்கள் மறுபடி வெளியே வந்தன. தராசு சார் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். சாவிக்காரர், சூப்புக் கடைக்காரர், நாலைந்து சாப்பாட்டுக் கடை ஆட்கள் எல்லோரும் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்து நின்றிருந்தார்கள். அவ்வளவு பேர் நடுவில்தான் அவர் சொன்னார், "தப்பு என்மேலதான்மா. உங்ககிட்ட முதல்ல கேட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

பிஸ்கட் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தராசில் வைத்தார். "சரி விடுங்க சார். கால் கிலோதானே?"

தராசு சார் திரும்பி வீட்டம்மாவைப் பார்த்தார்.

"உனக்கு வேணுமா?"

வீட்டம்மா சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்" என்றார்.

"அரைக் கிலோவாப் போடுங்கம்மா" என்றார் தராசு சார்.

பிஸ்கட் அக்கா அள்ளிப் போட்டார். எண்கள் ஓடி ஐந்நூற்றுப் பத்தில் நின்றன. தராசு சார் குனிந்து பார்த்தார்.

"பத்து கிராம் அதிகமா இருக்கும்மா" என்றார். என்ன செய்வது, ஆள் அப்படித்தான்.

பிஸ்கட் அக்கா எடுக்கக் கை நீட்டுவதற்குள், வீட்டம்மா தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்போ சரியா இருக்கா?" என்று மென்றுகொண்டே கேட்டார்.

தராசு சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொருமுறை குனிந்து பார்த்தார். "சரியா இருக்கு" என்றார்.